சீட்டக்காவும் முப்பத்தொரு பக்கமும்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், கொதிகலன் அறையை ஒட்டித் துணி வெளுக்கும் கூடம் இருக்கிறது. பதினான்கு வருஷமாக நான் அங்கே துணி மடிக்கிறேன். எனக்கு எதிர் மேசையில் நின்று, அழுக்குத் துணியை எண்ணி வாங்கி வெளுத்த துணியை எண்ணிக் கொடுக்கிறவள் சீட்டக்கா. எந்த வார்டிலிருந்து யார் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "சீட்டு எங்கே?" என்பதுதான். ஒருநாள் பெரிய டாக்டர் சட்டையில் காபியைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்து ஒரு வெள்ளைக் கோட்டு கேட்டார். அவரிடமும் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மருந்து எழுதும் தாளில் 'கோட்டு ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, இந்த அம்மா சாயங்காலத்தில் சீட்டாடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும்.

அவள் இரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எண்கள் தண்ணீர்பட்ட பாடு, எழுத்து அரைகுறை. நான் அஞ்சாவது வரை போனேன். ஆகையால் படிக்கிற வேலை வந்தால் என்னிடம் தருவாள். எண்ணுகிற வேலையை மட்டும் என்னை நம்பி விடமாட்டாள்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். புது விரிப்பு வந்ததும் அது எந்த வார்டுக்குப் போகிறதோ அந்த எண்ணை மூலையில் சிவப்பு நூலால் தைத்துவிடுவோம். சில வருஷம் கழித்து அந்த விரிப்பு வேறு வார்டுக்கு மாறும். அப்போது நூலைப் பிரிக்க மாட்டோம். பிரித்தால் துணி அந்த இடத்தில் இற்றுப்போகும். பழைய நூல் எண்ணுக்குப் பக்கத்திலேயே கறுப்பு மையில் புது எண்ணைப் போடுவோம். இரண்டும் ஒரே துணிதான் என்று அந்த வார்டு சிஸ்டர் ஒரு சீட்டு எழுதித் தருவார். சீட்டக்கா வருவதற்கு முன்னால் இந்தச் சீட்டெல்லாம் கிடையாதாம். ஒரு விரிப்புக்கு இரண்டு வார்டுக்காரர்கள் சண்டை போடுவார்களாம். இவள் வந்த பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் காவலாளி. நெடுநெடுவென்று உயரம், குரல் மட்டும் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக வரும். நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். சத்தமில்லாத அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக், டிக் என்று கேட்கும். "எங்க வீட்டுக்குக் கடிகாரம் வாங்க வேண்டியதில்ல, இவரு ஒருத்தரே போதும்" என்பாள் அக்கா.

அந்த வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. உயிர் உள்ளவரை சாப்பிட வேண்டும். அவருக்கு ஒருநாள் முழுசு, மறுநாள் அரை. மாதம் ஒருமுறை ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். கூடிப்போனால் எங்கேயாவது ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். குறைந்துபோனால் கட்டி உண்டாகி மூளைக்குப் போகும். கை கால் விழுந்துவிடும், ஆளே போனாலும் போகலாம். இதையெல்லாம் டாக்டர்கள் அன்றே அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் மறக்கவே இல்லை.

இந்த வருஷம் அந்தக் கிடங்கிலிருந்து ஒரு லாரிச் சரக்கு காணாமல் போயிற்று. டிரைவர் ஒரு சீட்டை நீட்டியிருக்கிறான். அதில் முத்திரை இருந்தது. இவர் முத்திரையைப் பார்த்து கேட்டைத் திறந்துவிட்டார். அது வேறொரு கிடங்கின் சீட்டு. மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். இவருக்குப் படிக்கத் தெரியாது. போலீஸ் இருவரையும் பிடித்துக்கொண்டு போய், காவல் அறையைப் பூட்டி சீல் வைத்தது. மாத்திரை சாப்பிடும் நேரம் வேலை நேரமாக இருந்ததால், அவருடைய மருந்து நோட்டும் ஆபரேஷன் முடிந்து கொடுத்த காகிதமும் அந்த அறையின் அலமாரியில்தான் இருந்தன. சீல் எப்போது உடையும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

எங்கள் இஸ்திரிக்காரர் நல்ல மனுஷர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். "ஊருக்கெல்லாம் சீட்டு கேக்கிற அக்கா, வீட்டுக்காரருக்குச் சீட்டு பாக்கக் கத்துக்கொடுக்கலியே" என்று சொல்லிவிட்டார். அக்கா அடுத்த மூட்டையை இழுத்துப் பிரித்தாள். அன்றைக்கு அவள் எண்ணிக்கையில் ஒரு தலையணை உறை பிசகியது. நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. இஸ்திரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் தன் டீயை அவளிடம் தள்ளிவைத்தார்.

ஜெயிலில் வாரத்துக்கு ஒருநாள்தான் மனுப் போட்டுப் பார்க்கலாம். முதல் வாரம் அக்கா மாத்திரை அட்டையோடு போனாள். வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; வெளி மருந்து உள்ளே போகக் கூடாதாம். கெஞ்சிக் கூத்தாடி ஜெயில் டாக்டரைப் பார்த்தாள். தூக்கத்தைத் தொலைத்த முகத்தோடு ஒரு சின்ன வயசுக்காரர். அவர் தட்டிக் கழிக்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்:

"தழும்ப பாத்தேம்மா, டிக் டிக்னு காதாலயும் கேட்டேன். உலோக வால்வுன்னு தெரியுது. எந்த வகை, எந்த அளவுல மருந்து ஓடுதுன்னு அது சொல்லாதே. இது விளையாட்டு மாத்திரை இல்ல. ரத்தம் பாக்க இங்க வசதி கிடையாது. வெளிய அனுப்பணும்னா நான் மேலதிகாரிகிட்ட ஒரு காகிதம் காட்டணும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு கொண்டாங்க, அன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

அதுவரைக்கும் ஜெயில் மருந்தறையில் இருக்கிற வேறொரு சின்ன மாத்திரையைத் தருவதாகச் சொன்னார். அது பாதிக் காவல்தான் என்றும் அவரே சொன்னார்.

ரெக்கார்டு ரூம் எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. துணி வண்டி போகிற அதே நடையில் ஏழாவது கதவு. அங்கே இருக்கிற கிளார்க்கை நாங்கள் தும்மல் சார் என்போம். பழைய காகிதத் தூசியில் இருபது வருஷமாகத் தும்மிக்கொண்டிருக்கிறார். ஃபைலைத் தேட அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழுப்பு அட்டை, பருமனாக இருந்தது. மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார்.

நோயாளி உயிரோடும் நினைவோடும் இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் பெண்டாட்டிக்குக்கூடக் கொடுக்க முடியாது என்றார். ஒரு படிவம் தந்தார். அதில் நோயாளி ஜெயில் அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, அதிகாரி சீல் வைக்க வேண்டும். நான்தான் அதைப் பூர்த்தி செய்தேன். அக்கா அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

இஸ்திரிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முன்னே பேசியதற்குப் பரிகாரம் செய்ய நினைத்தார் போலிருக்கிறது. துணி வண்டியை அந்தக் கதவுப் பக்கம் கொஞ்சம் நிறுத்தினால் போதும், ஃபைலைப் போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்து நகல் எடுத்துவிடலாம் என்றார்.

"சீட்டில்லாம ஒரு துண்டுகூட இந்த வாசலத் தாண்டினதில்ல" என்றாள் அக்கா. "சீட்ட பாக்காம விட்டதுக்குத்தான் அவரு உள்ள கிடக்காரு. நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கவா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் கடவுளிடம் சொல்லிவைத்தேன். மடிக்கிற ஒவ்வொரு விரிப்புக்கும் அவர் பேரை ஒருமுறை நினைத்தேன். அதைத் தவிர எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்.

இரண்டாம் வாரம் படிவத்தை ஜெயிலில் நலன் பார்க்கிற அதிகாரி அம்மாவிடம் கொடுத்தாள். அன்று கூட்டத்தில், பார்க்கிற இடத்துக் கம்பி வலைக்கு அருகே போகவே முடியவில்லை. தலைக்கு மேலே கையை ஆட்டிவிட்டு வந்தாள். நாலு நாள் கழித்துப் படிவம் சீலோடு கைக்கு வந்தது. வேலைக்கு வந்த வேகத்தில் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனோம். தும்மல் சார் ஃபைலைத் திறந்து, ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கிய பழைய சம்மதத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் நீல மையில் பெருவிரல் ரேகை. புதுப் படிவத்தில் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"சார், இது அவரு போட்டதில்ல. அவருக்கு எழுத வராது. யாரோ போட்டிருக்காங்க."

தும்மல் சார் பேனாவை மூடி வைத்தார்.

"அக்கா, நீங்க பேசாம இருந்திருந்தா நான் குனிஞ்சு ஒரு தும்மல் போட்டுட்டு சீல் குத்தியிருப்பேன். ஜெயில் சீல் இருக்கு, எனக்கென்ன. இப்ப நீங்களே அவரில்லன்னு சொன்ன பிறகு எப்படிக் குத்துவேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் அதைத்தான் சொன்னாள். வேறு யாருடைய வீட்டுக்காரராக இருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்; பதினான்கு வருஷமாக ஒவ்வொரு சீட்டிலும் யார் கை என்று பார்த்துச் சொல்லிப் பழகிய வாய் அது. ஆனால் நடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, "என் வாயாலயே கெடுத்தேன்" என்று ஒருமுறை சொன்னாள். அவர் அந்த மாத்திரை சாப்பிட்டு அன்றோடு பதினாறு நாள்.

மூன்றாம் வாரம் நானும் கூடப் போனேன். ஒரு நீளமான கூடம். நடுவில் இரண்டடி இடைவெளி விட்டு இரண்டு கம்பி வலை. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். சந்தைக்கடை தோற்றது. அவர் வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. வந்ததும் வராததுமாக அவர் கேட்டது இதுதான்:

"கையெழுத்த பாத்தியா?"

காலையில் அங்கே ஒரு வகுப்பு நடக்கிறதாம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து உள்ளே வந்த ஒருவர் சொல்லித் தருகிறாராம். அந்தச் சீட்டை மட்டும் படிக்கத் தெரிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று இவர் முதல் நாளே போய் உட்கார்ந்துவிட்டார். தம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தொட்டுத் தரையில் எழுதிப் பழகினாராம். காகிதத்தில் முதன்முதலில் எழுதியது அந்தப் படிவத்தில்தான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். முந்தின நாள் காலையில் இடது கை கொஞ்ச நேரம் மரத்துக் கிடந்ததாம். அப்புறம் சரியாகிவிட்டதாம்.

அக்கா வலையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை மரத்துப்போனால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"பாத்தேன்" என்றாள். "பாத்துட்டு, இது எங்க வீட்டுக்காரரு போட்டதே இல்லன்னு நாந்தான் சொல்லிட்டேன். அதனால ஃபைல் தரல."

அவர் வலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். பக்கத்து ஆள் தன் மகளிடம் வீட்டு வாடகையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் கலந்து வந்ததால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலை மேசையில் பேசுகிற குரலில் விஷயத்துக்கு வந்தாள். பழைய தாளில் கைநாட்டு இருக்கிறது, ஆகையால் மறுபடியும் கைநாட்டு வைக்க வேண்டும் என்றாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அது வேண்டாம் என்றுதானே இவ்வளவும் கற்றுக்கொண்டேன், வாத்தியார் முன்னால் மறுபடி மை தொடுவதா என்றார். வேறு நேரமாயிருந்தால் அக்கா ஒரு அதட்டல் போட்டிருப்பாள்.

"பழசப் பிரிக்க வேணாங்க. புதுசையும் அழிக்க வேணாம். எங்க விரிப்புல நூலும் இருக்கும், மையும் இருக்கும்ல? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். முதல்ல எழுதுங்க. அப்புறம் விரல வைங்க. ரெண்டும் ஒரே ஆளுன்னு சீட்டு வாங்குறது என் வேல."

அவர் தலையாட்டினார். மணி அடித்தது.

தும்மல் சாரிடம் வாங்கி வந்திருந்த இன்னொரு படிவத்தோடு அதிகாரி அம்மாவின் அறையில் ஒரு மணி நேரம் நின்றோம். அவர் மேசையில் படிவங்கள் மலைமாதிரி கிடந்தன. முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, கையெழுத்தோ கைநாட்டோ ஏதாவது ஒன்றுதான் வைக்கலாம் என்றார். அக்கா விடவில்லை. நூல், மை, சிஸ்டர் எழுதுகிற சீட்டு எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த பேனா நின்றது.

"மேடம், எங்க வீட்டுக்காரர ஒரு படுக்கை விரிப்புன்னு நினைச்சுக்கங்க. வார்டு மாறி வந்திருக்காரு. ரெண்டு அடையாளமும் ஒரே துணிதான்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும்."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையிலே சலவைச் சோடா பட்டுத் தோல் உரிந்திருந்ததையும் பார்த்தார். பிறகு மணியை அழுத்தி, அக்காவின் வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூட்டிவரச் சொன்னார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அவர் குனிந்து எழுதுவது முதுகுப் பக்கமாகத் தெரிந்தது. பெயரை எழுதி முடிக்க அவருக்கு நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதற்கு நான் அந்த அம்மாவுக்காக இன்றைக்கும் கடவுளிடம் வேண்டிக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் மைத்தட்டில் பெருவிரலைத் தொட்டு வைத்தார்.

கீழே அதிகாரி எழுதியிருந்த வரியை வாசலில் நின்று அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'மேற்கண்ட கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் ஒரே நபருடையவை. என் முன்னிலையில் இடப்பட்டவை.' இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "நம்ம சிஸ்டருங்க இவ்வளவு நல்லா எழுத மாட்டாங்க" என்றாள்.

அன்று மூன்று மணிக்குத் தும்மல் சார் முன்னால் நின்றோம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு ரேகையையும் பார்த்தார். வரியைப் படித்தார். தும்மல்கூட வரவில்லை. நகல் எடுக்கிற இயந்திரத்தில் ஒவ்வொரு தாளாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் சீல் குத்தினார். முப்பது பக்கம் என்றார். அக்கா எண்ணிவிட்டு முப்பத்தொன்று என்றாள். அவர் மறுபடி எண்ணினார். முப்பத்தொன்றுதான், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. உறையில் போட்டு ஒட்டிவிட்டு, கையை நீட்டி, "சீட்டு எங்கே?" என்றார். அக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்கிறார் என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினாள். மனு நாள் இல்லை என்று வாசலில் தடுத்தார்கள். மனுவுக்கு வரவில்லை, டாக்டருக்குக் காகிதம் என்றாள். டாக்டரே வாசல்வரை வந்து வாங்கிக்கொண்டார். உறையைக் கிழித்து அங்கேயே நின்று நாலு பக்கம் புரட்டினாராம். நாளைக் காலையில் ரத்தம் பார்க்க அனுப்புகிறேன், இன்றைக்கு ராத்திரியே மாத்திரை என்றாராம். அவள் அவரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வக்கீல் அடுத்த மாதம் என்கிறார். மூன்று தடவை அப்படிச் சொல்லிவிட்டார். அக்கா வாரா வாரம் போகிறாள். காகிதம் கொடுத்ததற்கு அடுத்த வாரமும் நான் கூடப் போனேன். அவர் சட்டைக் கையை மடித்து, முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினார். அது இரண்டாவது தடவை ரத்தம் எடுத்த இடம்.

"எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஒருநாள் முழுசு, ஒருநாள் அரை."

"இன்னைக்கு?"

"அரை."

இடது கையைக் காட்டச் சொன்னாள். அவர் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னாள். செய்தார். அப்புறம் அக்கா தலையைச் சாய்த்து, காதை வலையோடு ஒட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டடி இடைவெளி, அந்தப் பக்கம் இன்னொரு வலை, சுற்றிலும் நாற்பது பேர் சத்தம். என்ன கேட்டிருக்கும்.

"ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் அவர். "நீ போய் வேலைய பாரு."